பிரேசில் சம்பந்தியுடன் ஒரு பந்தி

ஒரு குடும்பத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள ஊரெல்லாம் விசாரிக்க வேண்டாம். அவர்களோடு ஒரு வேளை பந்தியில் உட்கார்ந்து எழுந்தால் போதும் என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். யாருக்கு முதலில் பரிமாறுகிறார்கள், வேண்டாம் என்று சொன்னால் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள், வீட்டுப் பெண்கள் எப்போது சாப்பிடுகிறார்கள்? இந்த மூன்றையும் கவனித்தாலே பாதி ஜாதகம் பார்த்த மாதிரிதான். பெண் பார்க்கப் போகிற இடத்தில் பஜ்ஜிக்கும் சொஜ்ஜிக்கும் இத்தனை மவுசு சும்மாவா வந்தது?

சரி, சம்பந்தி வீடு பிரேசில் தேசமாக இருந்தால் என்ன செய்வது?

சிரிக்காதீர்கள் சகோதரிகளே, எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. என் மகன் அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்தில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறான். போன வருஷம் பொங்கலன்று போனில் பேசும்போது, "அம்மா, என்கூட வேலை செய்யற பொண்ணு ஒருத்தி..." என்று இழுத்தான். பெண்ணின் சொந்த ஊர் தெற்கு பிரேசிலில் போர்த்து அலெக்ரே. என்னவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பார்க்கலாம்" என்றார். அவர் பார்க்கலாம் என்றால் அது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. அதற்கப்புறம் எட்டு மாதம் வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை.

பேச்சை எழுப்பியவர் என் மூத்த நாத்தனார்தான். "அவங்க மாட்டுக்கறி சாப்பிடறவங்களாச்சேம்மா. நாளைக்கு ஒரு பண்டிகைன்னா ஒரே வரிசையில இலை போட்டு உக்கார முடியுமா? அதை யோசிச்சியா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் ஆடு, கோழி, மீன் எல்லாம் உண்டு. மாட்டிறைச்சி மட்டும் பரம்பரையாக இல்லை. என்னவர் மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்த குடும்பம். ஏர் மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து வளர்ந்தவர். நாத்தனார் கேட்டது வம்புக்காக இல்லை. எனக்கும் அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்துக்கொண்டேதான் இருந்தது.

புரட்டாசி முடிந்த மறுவாரம் நாங்கள் டல்லாஸில் இறங்கினோம். பெண்ணின் அப்பாவும் அம்மாவும் பிரேசிலிலிருந்து வந்திருந்தார்கள். முதல் சந்திப்புக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் என்ன தெரியுமா? 'சுராஸ்கரியா' என்கிறார்களே, அந்த ஊர்ச் சுட்ட இறைச்சி உணவகம்! "எங்க ஊர்ச் சாப்பாட்டை உங்களுக்குக் காட்டணும்னு அப்பா ரொம்ப ஆசைப்படறார்" என்று அந்தப் பெண் சொன்னதை மகன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"வேற இடமே கிடைக்கலையா?" என்றார் என்னவர்.

"போய்த்தான் பார்ப்போமே. வேண்டாங்கறதை வேண்டாம்னு சொல்லிட்டா ஆச்சு" என்றேன் நான். சொல்லிவிட்டேனே தவிர, வயிற்றில் புளி கரைத்தது.

இந்தச் சாப்பாட்டுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பிரேசிலின் தென்கோடி மாநிலம் ரியோ கிராண்டே தோ சுல். கண்ணுக்கு எட்டிய வரை புல்வெளி. அங்கே குதிரையேறி மாடு மேய்க்கிறவர்களுக்குக் 'கவூஷோ' என்று பெயர். வீட்டை விட்டு நாள்கணக்கில் மந்தையோடு அலைகிறவர்களுக்குச் சட்டி ஏது, பானை ஏது? தரையில் குழி தோண்டி நெருப்பு மூட்டுவார்கள். இறைச்சியை நீளக் கம்பியில் கோத்துச் சுடுவார்கள். மசாலா என்று பார்த்தால் கல்லுப்பு மட்டும்தான். அதுதான் 'சுராஸ்கோ'. இன்றைக்கும் அந்த மாநிலத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டுக்கு வீடு சுராஸ்கோ. விசேஷம் என்னவென்றால், அன்றைக்கு அடுப்பை மூட்டிச் சுடுவது பெரும்பாலும் ஆண்கள்! பெண்கள் ஹாயாக உட்கார்ந்திருப்பார்களாக்கும் என்று கேட்டேன். பெண்ணின் அம்மா தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு, உருளைக்கிழங்கு சாலட், சோறு, பயறு, பாத்திரம் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார். எந்தத் தேசமானால் என்ன!

இந்த வீட்டுப் பழக்கம்தான் பிற்பாடு உணவகமாயிற்று. தட்டுத் தட்டாக ஆர்டர் எடுக்காமல், கம்பியோடு மேசை மேசையாகச் சுற்றி வந்து நறுக்கிப் போடும் முறை வந்தது. 1979-ல் போர்த்து அலெக்ரேயில் தொடங்கிய 'ஃபோகோ தெ ஷாவ்ங்' என்ற உணவகம் 1997-ல் டல்லாஸை ஒட்டிய அடிசனில் கிளை திறந்தது. அமெரிக்காவில் அதுதான் அவர்களுடைய முதல் கடை. தரையில் மூட்டிய நெருப்பு என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். நாங்கள் போனது அதுவல்ல, அதே பாணியில் நடக்கும் வேறொரு சின்னக் கடை.

உள்ளே நுழைந்ததும் கரி நெருப்பு வாசனை. தேரடியில் சோளக்கதிர் சுடுவார்களே, அந்த மாதிரி. தொளதொளவென்று கால்சட்டையும் கழுத்தில் சிவப்புத் துணியுமாகப் பரிமாறுகிறவர்கள் கையில் முழ நீளக் கம்பியோடு நடமாடுகிறார்கள். ஒவ்வொருவர் தட்டுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன இடுக்கி, ஒரு வட்ட அட்டை. அட்டையின் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. பச்சை மேலே இருந்தால் கொண்டு வாருங்கள் என்று அர்த்தம். சிவப்பைத் திருப்பிவிட்டால் போதும் என்று அர்த்தம். ஒருவரும் கிட்டே வந்து வற்புறுத்த மாட்டார்கள்.

எனக்கு நம் கல்யாணப் பந்தி ஞாபகம் வந்தது. இலையை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு, "போதும், போதும்" என்று அலறினாலும் விரலிடுக்கில் பாயசத்தை ஊற்றிவிட்டுப் போகிறோமே! அன்பாகத்தான் செய்கிறோம். ஆனால் சர்க்கரைக்காரருக்கு அந்த அன்பு மறுநாள் காலையில் இருநூற்றைம்பதாகத் தெரிகிறது.

இன்னொரு விஷயத்தையும் கவனித்தேன். நாங்கள் உட்காருவதற்கு முன்பே அந்தப் பெண் எழுந்து போய்ப் பரிமாறுகிறவர்களிடம் தனியாகப் பேசிவிட்டு வந்தாள். எங்கள் இருவர் பக்கம் மாட்டிறைச்சிக் கம்பி ஒன்றுகூட வரவில்லை. கோழி வந்தது, ஆட்டு விலா வந்தது. வந்தவர் ஒவ்வொரு தடவையும் இது இன்னது என்று பெயர் சொல்லிவிட்டுத்தான் கத்தியை வைத்தார். என்னவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இறைச்சி ஒரு பக்கம் இருக்கட்டும். நடுவில் நீள மேசையில் மற்றப் பதார்த்தங்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். அங்கே போய்ப் பார்த்தால், அடடா, பாதி நம் வீட்டுச் சமாசாரம்! உதிர் உதிரான வெள்ளைச் சோறு. கருப்புப் பயறு ஒன்றைக் குழைய வேகவைத்துப் பூண்டு தாளித்த குழம்பு. பிரேசில்காரர்களுக்குத் தினப்படிச் சாப்பாடே சோறும் பயறும்தானாம். அதன்மேல் தூவிக்கொள்ள, வறுத்த ரவை மாதிரி ஒரு பொடி. 'ஃபரோஃபா' என்றார்கள். வாயில் போட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, மரவள்ளிக்கிழங்கு மாவை வெண்ணெயில் வறுத்திருக்கிறார்கள். எலுமிச்சை அளவில் சூடாக ஒரு பாலாடைக்கட்டி ரொட்டி. அதில் கோதுமையே கிடையாது, மரவள்ளி ஸ்டார்ச்தான். நாம் பாயசத்துக்குப் போடும் ஜவ்வரிசி எதிலிருந்து வருகிறதோ, அதே சரக்கு. கடைசியில் பட்டைத்தூள் தடவி நெருப்பில் வாட்டிய அன்னாசி.

நம் மரவள்ளியும் முந்திரியும் அன்னாசியும் கொய்யாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. மரவள்ளியும் முந்திரியும் பிரேசில் மண்ணுக்கே உரியவை. போர்ச்சுக்கீசியர் கப்பலில் நம் கரைக்கு வந்து சேர்ந்தன. கப்ரால் என்பவரின் கப்பல்கள் 1500 ஏப்ரலில் பிரேசில் கரையைத் தொட்டு, அதே பயணத்தில் செப்டம்பரில் கள்ளிக்கோட்டைக்கு வந்தன என்பது சரித்திரம். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரே கப்பல் பார்த்த இரண்டு கரைகள் இவை! நம் தயிர்சாதத்தில் முந்திரி வறுத்துப் போடுகிறபோது நினைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல்தான் நான் மறக்க முடியாத விஷயம். பெண்ணின் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. எனக்கு அரைகுறை. மகனும் அந்தப் பெண்ணும் மொழிபெயர்த்து மொழிபெயர்த்துக் களைத்துப் போனார்கள். இரண்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துச் சிரித்து எனக்குக் கன்னமே வலித்தது. அப்போது வெயில் முகத்தில் அடிக்கிறது என்று அந்த அம்மாள் கையைக் காட்டி, "ஜனெலா" என்றார்.

"என்னது? ஜன்னலா?" என்றேன் நான்.

"ஜனெலா!" என்றார் அவர்.

"ஜன்னல்!" என்றேன் நான்.

அப்புறம் கேட்க வேண்டுமா? நான் மேசையைத் தட்டினேன். "மெஸா" என்றார். கைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினேன். "ஷாவி" என்றார். பாத்திரம் வைத்திருந்த அலமாரியைக் காட்டினேன். "அர்மாரியு!" என்றார். கொய்யாவுக்கு அவர் 'கொயாபா' என்றார். அவர்கள் வார்த்தையை நாம் வாங்கியிருக்கிறோம் என்று பார்த்தால், நம் வார்த்தையையும் அவர்கள் வாங்கியிருக்கிறார்கள். மாம்பழத்துக்கு அவர்கள் ஊரில் 'மங்கா'. நம் மாங்காய்தான். பலாவுக்கு 'ஜாக்கா'. மலையாளத்துச் சக்கை. அன்னாசிக்கு மட்டும் பிரேசிலில் வேறு பெயர், 'அபகஷி' என்கிறார்கள். போர்ச்சுக்கல்லில்தான் 'அனனாஸ்'. அரை மணி நேரம் சின்னக் குழந்தைகள் மாதிரி விளையாடினோம். பக்கத்து மேசைக்காரர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டுமே!

ஆண்கள் பக்கம் பேச்சு வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா தன் தம்பி பண்ணையின் படத்தைப் போனில் காட்டினார். தம்பி தெற்கிலிருந்து மாத்து குரோசோ என்ற நடு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவராம். படத்தில் வெள்ளை வெளேரென்று மந்தை. என்னவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். "திமிலைப் பாரு, கழுத்துத் தொங்கலைப் பாரு. இது நம்ம நெல்லூர் மாடுய்யா!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார்.

"சிம், சிம், நெலோரே!" என்றார் பெண்ணின் அப்பா. 'சிம்' என்றால் ஆமாம்.

உண்மைதான். சென்னைக்கு வடக்கே நெல்லூர், ஓங்கோல் சீமையில் வளர்ந்த அந்த இனம், அன்றைய சென்னை ராஜதானியின் நெல்லூர் மாவட்டப் பெயரோடு பிரேசிலுக்குப் போயிருக்கிறது. 1868-ல் ஒரு ஜோடி மாடு சால்வடோர் துறைமுகத்தில் இறங்கியது என்கிறார்கள். 1960-களின் தொடக்கத்தில் பெரிய அளவில் கொண்டுபோனார்கள். வெயிலைத் தாங்கும், உண்ணித் தொல்லை குறைவு என்பதால் வெப்பப் பிரதேசமெல்லாம் பரவிவிட்டது. இன்று பிரேசிலில் இருபது கோடிக்கு மேல் மாடுகள். அவற்றில் பெரும்பாலானவை நெலோரேயும் அதன் கலப்பும்தான்.

சந்தோஷத்தில் பேசிக்கொண்டே வந்த என்னவர் சட்டென்று நிறுத்திவிட்டார். சுற்றிலும் கம்பியோடு நடக்கிறவர்களைப் பார்த்தார். அவர் மனசில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுத் தொழுவத்தில் பொங்கலுக்குக் கொம்பில் வர்ணம் பூசிய இனத்தின் வாரிசு அங்கே கம்பியில் இருக்கிறது. அந்த மனிதர் என்ன நினைத்தாரோ, மகள் ஒன்றும் சொல்லாமலேயே தன் முன்னால் இருந்த அட்டையைச் சிவப்புக்குத் திருப்பி வைத்தார். அப்புறம் மனைவியின் அட்டையையும் திருப்பினார். அதற்கு மேல் எங்கள் மேசைக்கு மாட்டிறைச்சி வரவே இல்லை. அவர் சோறும் கருப்புப் பயறும் போட்டுக்கொண்டு வந்து என்னவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஏரியைப் பற்றியும் நெல்லைப் பற்றியும் கேட்க ஆரம்பித்தார்.

நாங்கள் அவர்கள் வழக்கத்துக்கு மாறவில்லை. அவர்களும் எங்கள் வழக்கத்துக்கு மாறப் போவதில்லை. ஊருக்குப் போனால் அவர் ஞாயிற்றுக்கிழமை சுராஸ்கோ சுடத்தான் செய்வார். ஆனால் ஒரே மேசையில் உட்கார முடியுமா என்று நாத்தனார் கேட்டாரே, அதற்குப் பதில் கிடைத்துவிட்டது.

அன்று ராத்திரி பெண்ணின் வீட்டுக்குப் போனோம். அங்கே 'ஷிமஹாவ்ங்' என்ற பானம் கொடுத்தார்கள். மாத்தே என்ற இலைத்தூளைச் சுரைக்குடுவையில் போட்டு வெந்நீர் ஊற்றி, உலோகக் குழாயால் உறிஞ்சுகிறார்கள். ஒரே குடுவை, ஒரே குழாய், எல்லார் கைக்கும் போய் வருகிறது. எச்சில் பார்க்கிற நமக்கு இது எப்படி இருக்கும்! என் மகன் மெல்ல விஷயத்தைச் சொன்னான். அவர்கள் முகம் சுளிக்காமல் எனக்குத் தனிக் குவளையில் ஊற்றித் தந்தார்கள். வேப்பிலைக் கஷாயத்துக்குத் தங்கை மாதிரி ஒரு கசப்பு. குடுவையைத் திருப்பிக் கொடுக்கும்போது நன்றி என்று சொன்னால், எனக்குப் போதும் என்று அர்த்தமாம். இன்னும் வேண்டுமென்றால் நன்றி சொல்லாமல் கொடுக்க வேண்டும்! பெண்கள் நன்றி சொல்லும்போது 'ஒப்ரிகாடா', ஆண்கள் 'ஒப்ரிகாடோ'. நான் முதல் வாயிலேயே ஒப்ரிகாடா சொல்லிவிட்டேன்.

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிற சகோதரிகளுக்குச் சில விஷயங்கள் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் விருந்துக்குப் போகிறோம் என்று காலையிலிருந்து பட்டினி கிடக்காதீர்கள். சாப்பாடு தாமதமானால் சர்க்கரை இறங்கிவிடும் ஆபத்து உண்டு. எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அளவில்லாச் சாப்பாடு என்றால் காய்கறியிலும் பயறிலும் தொடங்கி, பிறகு கோழியோ மீனோ எடுத்துக்கொண்டு, சோற்றையும் ரொட்டியையும் கடைசியில் கொஞ்சமாக வைத்துக்கொண்டால் சர்க்கரை சட்டென்று ஏறாது. கல்லுப்பில் சுட்டது என்பதால் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மேல்பகுதியை விலக்கிவிடலாம். சாசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் அறிவித்திருக்கிறது. அந்தக் கம்பிக்கு எப்போதும் சிவப்பு அட்டைதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறைச்சி விருந்துக்கே போக வேண்டாம்.

பிரேசில் என்றால் இறைச்சி மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். 2014-ல் அந்நாட்டு அரசு வெளியிட்ட உணவு வழிகாட்டியைப் பல நாட்டு நிபுணர்கள் பாராட்டியிருக்கிறார்கள். இத்தனை கிராம், இத்தனை கலோரி என்று பயமுறுத்தாமல், வீட்டில் சமைத்ததைச் சாப்பிடுங்கள், தொழிற்சாலைப் பாக்கெட்டுகளைத் தவிர்த்துவிடுங்கள், நிதானமாக, முடிந்தவரை நாலு பேரோடு சேர்ந்து சாப்பிடுங்கள் என்கிறது அது. இந்தப் பாக்கெட் பண்டங்களின் கெடுதலை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் சாவோ பாலோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கார்லோஸ் மோன்தெய்ரோ. நம் பாட்டிமார் சொன்னதுதான். சர்க்கார் அச்சடித்துச் சொன்னால் மரியாதை அதிகம்!

மரவள்ளிக்கிழங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் இயற்கையாகவே சயனைடு தரும் பொருள் உண்டு. கசப்பு ரகத்தில் அதிகம். பிரேசிலின் ஆதிகுடிகள் துருவிப் பிழிந்து வறுத்து அதைப் போக்கக் கற்றிருந்தார்கள். நாம் தோலைத் தடிமனாகச் சீவிவிட்டு, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பச்சையாகக் கடிக்கவே கூடாது. மாவுச்சத்து மிகுந்த கிழங்கு, சர்க்கரைக்காரர்களுக்கு இரண்டு துண்டு போதும்.

சுட்ட அன்னாசியை வீட்டிலேயே செய்யலாம். நன்றாகப் பழுத்த பழத்தை விரல் தடிமனுக்கு வட்டமாக நறுக்கி, நடுத்தண்டை எடுத்துவிடுங்கள். இரண்டு ஸ்பூன் நாட்டுச் சர்க்கரையில் அரை ஸ்பூன் பட்டைத்தூள் கலந்து இருபுறமும் தடவுங்கள். தோசைக்கல் நன்றாகக் காய்ந்ததும் துளி வெண்ணெய் தேய்த்து, பக்கத்துக்கு மூன்று நிமிஷம் வைத்தெடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் நாட்டுச் சர்க்கரையை விட்டுவிட்டு, பட்டைத்தூள் மட்டும் தடவி ஒரு வட்டம் சாப்பிடலாம்.

தை பிறந்ததும் மதுராந்தகத்தில் கல்யாணம். சம்பந்தி வீட்டார் பத்து நாள் முன்னதாகவே வருகிறார்கள். வேடந்தாங்கலில் பறவை நிறைந்திருக்கும் நேரம், கூட்டிப் போய்க் காட்ட வேண்டும். ஏரிகாத்த ராமர் கோயிலுக்கும் ஏரிக்கரைக்கும் என்னவரே அழைத்துப் போகிறாராம். சமையல் என் பொறுப்பு. பிரேசிலில் பாஹியா பக்கம் தெருவோரத்தில் பெண்கள் காராமணியை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்துச் செம்பனை எண்ணெயில் வடை சுட்டு விற்பார்களாம். அதனால் காராமணி வடை உண்டு. மரவள்ளி அடையும் உண்டு. இன்னும் இரண்டு மரவள்ளிப் பலகாரம் வேண்டும். உங்கள் பக்கத்துப் பக்குவம் ஏதாவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

மண்டபத்தில் இலைக்கு இலை பச்சையும் சிவப்புமாக ஓர் அட்டை வைக்கலாமா என்று என்னவர் கேட்கிறார். நாத்தனார் முகவாயில் கை வைத்துக்கொண்டார். நான் அச்சகத்தில் விலை விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.